ஒப்புக்கொடுத்தவர் யார்? வட ஆப்பிரிக்கத் திருச்சபையில் 'காட்டிக்கொடுத்தோர்' வழக்கு

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'பராதிதோமி' என்னும் வினைச்சொல் ஒன்று உண்டு. ஒன்றைக் கையளித்தல், ஒப்புவித்தல் என்பது அதன் நேர்ப்பொருள். யூதாஸ் தன் ஆண்டவரைப் பிரதான ஆசாரியர் கையில் கொடுத்ததற்கும் இச்சொல்லே ஆளப்படுகிறது. பிதாவானவர் தம் சொந்தக் குமாரனை நமக்காகத் தந்ததற்கும் (ரோமர் 8:32) இச்சொல்லே. பவுல் அப்போஸ்தலன் தாம் பெற்ற திருவிருந்து மரபைக் கொரிந்தியருக்கு அளித்ததற்கும் இச்சொல்லே. 1 கொரிந்தியர் 11:23இல் ஒரே வசனத்தில் இது இருமுறை, இருவேறு பொருளில் வருகிறது. நம் தமிழ் வேதாகமம் ஒப்புவித்தல், ஒப்புக்கொடுத்தல், காட்டிக்கொடுத்தல் என்று இடம் நோக்கிச் சொற்களைப் பிரித்துக்கொண்டமையால், மூலத்தில் உள்ள இந்த நெருடல் நம் செவிக்கு எட்டுவதில்லை. இலத்தீன் மொழியிலோ அது அப்படியே நின்றது. 'த்ராதித்தியோ' என்றால் பாரம்பரியம். 'த்ராதித்தோர்' என்றால் துரோகி. விசுவாசத்தைக் கையளிப்பவனும் விசுவாசத்தை விற்பவனும் ஒரே வேரிலிருந்து பெயர் பெற்றனர்.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்கத் திருச்சபையை இரண்டாகப் பிளந்து, நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆறாத புண்ணாய் நின்றது இந்தச் சொல்தான். டோனாத்தியப் பிரிவினை என்று நாம் சபைச் சரித்திரத்தில் படிப்பது இதையே. சாக்கிரமெந்துகளின் செல்லுபடி பற்றிய ஒரு தலைப்பாக இது வகுப்பறைகளில் விரைந்து கடக்கப்படுகிறது. தேர்வுக்கு அது போதும். ஆயினும் இப்பிரிவினையைப் பற்றி நமக்கு எஞ்சியுள்ள பத்திரங்கள் பழைய சபைச் சரித்திரத்தில் வேறெங்கும் காண்பதற்கரியவை. நகராட்சிக் குறிப்பேடுகள், நீதிமன்ற வாக்குமூலங்கள், ஆயர்களின் அந்தரங்கக் கடிதங்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும். கள்ளச் சீடன் யார் என்ற கேள்வியை நாம் எண்ணுவதுபோல் எளிதாக விடுவிக்க இப்பத்திரங்கள் இடங்கொடுப்பதில்லை.

சிர்த்தா நகரில் ஒரு நாள்

303ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் நிக்கொமேதியா நகரத்து ஆலயம் இடிக்கப்பட்டது. மறுநாள் பேரரசன் டயோக்ளேஷியனின் கட்டளை வெளியாயிற்று. ஆலயங்கள் தரைமட்டமாக்கப்படவேண்டும், வேதப்பிரதிகள் எரிக்கப்படவேண்டும், மேன்மக்களாயுள்ள கிறிஸ்தவர் தங்கள் உரிமைகளை இழக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 250இல், தேசியுஸ் காலத்து உபத்திரவத்தில் பலி செலுத்தினாயா என்பது கேள்வியாக இருந்தது. அப்போது தவறியவர்களை மீண்டும் சேர்ப்பது குறித்துக் கார்த்தேஜ் அத்தியட்சர் சிப்ரியான் பட்ட பாடு நாம் அறிந்ததே. இப்போதோ கேள்வி மாறிற்று: உன் வேதப்புத்தகம் எங்கே?

அவ்வாண்டு மே மாதம் 19ஆம் நாள் நுமிதியா நாட்டுச் சிர்த்தா நகரில் நடந்தது நகராட்சிக் குறிப்பேட்டில் பதிவாகி, பிற்கால வழக்கொன்றில் வாசிக்கப்பட்டதால் நமக்குக் கிட்டியுள்ளது. நகரத்தின் பொறுப்பதிகாரியும் பேரரச வழிபாட்டுப் பூசாரியுமான முனாத்தியுஸ் பேலிக்ஸ் என்பவர், கிறிஸ்தவர் கூடும் வீட்டுக்குத் தம் ஆட்களுடன் வருகிறார். அத்தியட்சர் பவுல் அமர்ந்திருக்கிறார். மூப்பரும் உதவிக்காரரும் துணை உதவிக்காரரும் கல்லறைத் தோண்டிகளும் கூட இருக்கின்றனர். வேதப்பிரதிகளைக் கொண்டுவரும்படி பேலிக்ஸ் கேட்கிறார். அவை வாசகர்களிடம் இருக்கின்றன, இங்கே உள்ளதைத் தருகிறோம் என்கிறார் அத்தியட்சர். வாசகர்களைக் காட்டு என்றதற்கு, அவர்கள் யாரென்பதை உங்கள் எழுத்தர்களே அறிவார்கள் என்று விடை வருகிறது.

பின்னர் பொருள்கள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கப்பட, எழுத்தர் கணக்கெழுதுகிறார். பொற்கிண்ணம் 2, வெள்ளிக்கிண்ணம் 6, வெள்ளிச் செம்பு 6, வெள்ளி விளக்கு 7, சங்கிலியோடு கூடிய வெண்கல விளக்கு 11. அதன்பின் பெண்களின் அங்கி 82, முக்காடு 38, ஆண்களின் அங்கி 16, ஆண்களின் காலணி 13 சோடி, பெண்களின் காலணி 47 சோடி. ஏழை எளியவர்க்கும் விதவைகளுக்கும் கொடுக்கச் சேர்த்துவைத்த துணிமணிகள் இவை என்பதில் ஐயமில்லை. ஆதித் திருச்சபையின் தருமப்பணியைப் புகழ்ந்து எழுதப்பட்ட பிரசங்கங்கள் பல உண்டு. ஆயினும் அதற்குப் பகைவனின் கையால் எழுதப்பட்ட இந்தப் பட்டியலைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

நூலறைக்குச் சென்றபோது அலமாரிகள் வெறுமையாய் இருந்தன. துணை உதவிக்காரர் சில்வானுஸ் என்பவர் ஒரு வெள்ளிப் பெட்டியையும் ஒரு வெள்ளி விளக்கையும் எடுத்துவந்து, சாடி ஒன்றின் பின்னால் கிடந்தன என்று கூறிக் கொடுக்கிறார். இவர் பெயரை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கத்துல்லீனுஸ் என்னும் மற்றொரு துணை உதவிக்காரர் மிகப் பெரிய பிரதி ஒன்றைக் கொண்டுவருகிறார். ஒன்றுதானா என்கிறார் அதிகாரி. நாங்கள் துணை உதவிக்காரர், பிரதிகள் வாசகரிடம் உள்ளன என்பது பதில். அவர்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று நெருக்கவே, கத்துல்லீனுஸும் மர்க்குக்லியுஸும் தாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்லர் என்றும், வேண்டுமாயின் தங்களைக் கொல்லும்படி உத்தரவிடலாம் என்றும் கூறுகின்றனர். அவர்களைக் காவலில் வைக்கும்படி பேலிக்ஸ் ஆணையிடுகிறார். அவர்களுக்குப் பின்னர் நேர்ந்ததைக் குறிப்பேடு கூறவில்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். இருவரும் ஒரு வேதப்பிரதியைக் கொடுத்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பின்னாளில் டோனாத்தியர் வகுத்த அளவுகோலின்படி அவர்கள் ஐயமறக் காட்டிக்கொடுத்தோர். ஆனால் அவர்கள் மனச்சாட்சி வேறோரிடத்தில் கோடு கிழித்திருந்தது. தோலேட்டைக் கொடுத்தாலும் சகோதரனைக் கொடோம் என்பதே அந்தக் கோடு. ஆண்டவர் உபத்திரவ காலத்தைக் குறித்து முன்னறிவித்தபோது, சகோதரன் சகோதரனை மரணத்துக்கு ஒப்புக்கொடுப்பான் என்றார் (மாற்கு 13:12). அங்கும் மூலச்சொல் அதே 'பராதிதோமி'தான். புத்தகத்தைக் குறித்து அவர் அவ்விடத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

எழுத்தர்கள் வழிகாட்ட, அதிகாரி வீடு வீடாகப் போகிறார். வாசகர் யூஜேனியுஸ் வீட்டில் 4 பிரதிகள். சித்திரக்கல் பதிக்கும் தொழிலாளி பேலிக்ஸ் வீட்டில் 5. விக்டொரீனுஸ் வீட்டில் 8. ப்ரொயெக்துஸ் வீட்டில் பெரியன 5, சிறியன 2. இலக்கண ஆசிரியர் விக்டர் வீட்டில் 2 பிரதிகளும் கட்டப்படாத 4 மடிப்புகளும். கொத்தேயோ என்பவர் வீட்டில் அவர் மனைவி 6 பிரதிகளைக் கொண்டுவந்தார். இன்னும் உண்டோ என்று கேட்டபோது இல்லை என்றார். நகராட்சி அடிமை ஒருவன் உள்ளே சென்று தேடியும் எதுவும் அகப்படவில்லை. ஒரே நாளில், ஒரே நகரில், முப்பதுக்கு மேற்பட்ட பிரதிகள் போயின. அச்சு இயந்திரம் இல்லாத நாளில் ஒவ்வொன்றும் மாதக்கணக்கான எழுத்துழைப்பு என்பதை எண்ணினால், இழப்பின் அளவு விளங்கும்.

எல்லாரும் கொடுத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். திபியூக்கா ஊர் அத்தியட்சர் பேலிக்ஸ் கொடுக்க மறுத்து அதே 303இல் இரத்தசாட்சியானார். அபித்தினா ஊரில் அத்தியட்சரே வேதப்பிரதிகளைக் கொடுத்துவிட்டார். சபையாரோ மூப்பர் ஒருவரின் தலைமையில் கர்த்தருடைய நாளில் கூடி ஆராதித்துப் பிடிபட்டு, 304இல் கார்த்தேஜில் விசாரிக்கப்பட்டனர். ஞாயிறு ஆராதனை இல்லாமல் தங்களால் வாழவியலாது என்பதே அவர்கள் வாக்குமூலம். கார்த்தேஜ் அத்தியட்சர் மென்சூரியுஸ் வேறொரு வழியைக் கண்டார். வேதப்பிரதிகளை ஒளித்துவைத்து, ஆலயத்தில் வேதப்புரட்டரின் நூல்களை வைத்துவிட்டதாகவும், அதிகாரிகள் அவற்றையே எடுத்துப்போனதாகவும் அவர் எழுதினார். இது விவேகமா, வஞ்சகமா? அக்காலத்தவரும் இதில் ஒருமனப்படவில்லை.

நியாயந்தீர்க்க அமர்ந்தவர்கள்

உபத்திரவம் தணிந்தபின், 305ஆம் ஆண்டளவில், சிர்த்தாவுக்குப் புதிய அத்தியட்சரை அபிஷேகஞ்செய்ய நுமிதியா நாட்டு ஆயர் சிலர் ஒரு வீட்டில் கூடினர். மூத்தவராகிய திகிசிஸ் ஊர்ச் செக்குந்துஸ் தலைமை வகித்தார். நம்மில் குற்றமற்றவரே இந்த அபிஷேகத்தைச் செய்யவேண்டும் என்று கூறி ஒவ்வொருவரையும் விசாரிக்கத் தொடங்கினார். வேதப்பிரதிகளைக் கேட்டபோது மருத்துவ நூல்களைக் கொடுத்துத் தப்பியதாக ஒருவர் சொன்னார். ருசிக்காதே ஊர் விக்டர், தம்மை வற்புறுத்தியதால் நான்கு சுவிசேஷங்களைத் தீயிலிட்டதாகவும், அப்பிரதியில் எழுத்து மங்கித்தான் இருந்ததென்றும் கூறினார். லிமாத்தா ஊர்ப் புர்ப்பூரியுஸின் முறை வந்தபோது விசாரணை வேறு திசையில் திரும்பிற்று. தம் சகோதரியின் புதல்வர் இருவரைக் கொன்றதாக அவர்மீது பேச்சிருந்தது. அவர் அதை மறுக்கவுமில்லை, அஞ்சவுமில்லை. உம்மைப் பிடித்துவைத்திருந்தார்களே, எதையும் கொடாமல் எப்படி விடுதலையானீர் என்று தலைவரையே திருப்பிக் கேட்டார். செக்குந்துஸின் உறவினரான இளைய செக்குந்துஸ் குறுக்கிட்டு, பிரிவினை நேராதபடி ஒவ்வொருவரையும் தேவனுடைய நியாயத்தீர்ப்புக்கு விட்டுவிடும்படி அவர் காதில் ஆலோசனை சொன்னார். அனைவரும் தேவனுக்கு நன்றி கூறி அமர்ந்தனர்.

இந்தக் கூட்ட நடவடிக்கை எதிர்த்தரப்பினரின் நூல்கள் வழியாகவே, அதாவது மிலேவிஸ் ஒப்தாத்துஸ், ஹிப்போ அகஸ்டீன் வாயிலாகவே, நமக்கு வந்துள்ளது. இதன் உண்மையை டோனாத்தியர் 411இல் மறுத்தனர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தியட்சர் யார் என்பதில் மறுப்பில்லை. வெள்ளி விளக்கை எடுத்துக்கொடுத்த அந்தச் சில்வானுஸ்தான் அவர்.

அடுத்த காட்சி கார்த்தேஜில். மென்சூரியுஸ் இறந்தபின், 311-12 வாக்கில், அவருடைய உதவிக்காரரான செசிலியான் அத்தியட்சராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். நுமிதியா ஆயர்கள் வந்துசேருமுன்பே அப்துங்கா ஊர் பேலிக்ஸ் அவரை அபிஷேகஞ்செய்தார். செக்குந்துஸ் எழுபது ஆயர்களுடன் வந்து, இந்த பேலிக்ஸ் வேதத்தைக் காட்டிக்கொடுத்தவர், ஆகையால் இவர் அளித்த அபிஷேகம் செல்லாது என்று தீர்த்தார். மயோரினுஸ் என்னும் வாசகர் எதிர் அத்தியட்சராக்கப்பட்டார். இவருக்குப்பின் வந்த டோனாத்துஸின் பெயரே கட்சியின் பெயராயிற்று. மயோரினுஸ் லூசில்லா என்னும் செல்வச்சீமாட்டியின் வீட்டைச் சேர்ந்தவர். அந்த அம்மையார் திருவிருந்துக்குமுன் ஒரு இரத்தசாட்சியின் எலும்பை முத்தமிடும் வழக்கத்தைச் செசிலியான் கண்டித்ததுண்டு. அந்த மனத்தாங்கல் தீரவேயில்லை.

டோனாத்தியரை நாம் ஏளனம் செய்யலாகாது. அவர்கள் எழுப்பிய கேள்வி அற்பமானதன்று. ஏட்டைக் கொடாமல் உயிரைக் கொடுத்தவர்களின் கல்லறைகள் அவர்கள் கண்முன் இருந்தன. ஏட்டைக் கொடுத்து உயிரைக் காத்தவர் அதே சபையில் அப்பம் பிட்கும்போது, இரத்தசாட்சிகளின் உறவினர் கைநீட்டி வாங்குவதெப்படி? சிப்ரியானும் 256ஆம் ஆண்டு கார்த்தேஜ் ஆலோசனைச் சங்கத்தில், திருச்சபைக்குப் புறம்பே கொடுக்கப்படும் ஞானஸ்நானம் ஞானஸ்நானமல்ல என்றே நின்றார். தாங்களே சிப்ரியானின் உண்மையான பிள்ளைகள் என்று டோனாத்தியர் எண்ணியதில் நியாயம் உண்டு. எளிய கிராம மக்கள் பெருந்திரளாய் அவர்கள் பக்கம் நின்றதும் இதனாலேயே.

பொய்க்கடிதமும் மெய்ப்பத்திரமும்

வழக்கு 313இல் பேரரசன் கான்ஸ்டன்டைனிடம் போயிற்று. அதை முதலில் கொண்டுபோனவர் டோனாத்துஸின் தரப்பினரே. அவ்வாண்டு அக்டோபரில் ரோமாபுரியில் மில்த்தியாதேஸ் தலைமையில் கூடிய ஆயர் குழு செசிலியானுக்குச் சாதகமாகத் தீர்த்தது. மறுவருடம் ஆர்ல்ஸ் சங்கமும் அவ்வாறே தீர்த்தது. இதற்கிடையில் பேலிக்ஸ் மெய்யாகவே காட்டிக்கொடுத்தவரா என்று ஆப்பிரிக்க ஆளுநர் நேரடியாக விசாரித்தார். அப்துங்கா நகரில் உபத்திரவ காலத்தில் அதிகாரியாயிருந்த அல்பியுஸ் செசிலியானுஸ் என்பவர் எழுதிய ஒரு கடிதமே முக்கியச் சான்றாக வைக்கப்பட்டது. அதில் பேலிக்ஸ் தாமாகவே திறவுகோலை எடுத்துக்கொள்ளும்படி கூறி, எண்ணெயையும் கோதுமையையும் மட்டும் விட்டுவிடச் சொன்னதாக ஒரு பகுதி இருந்தது. முதிர்ந்த வயதினரான அவ்வதிகாரி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, கடிதத்தின் முற்பகுதிதான் தம்முடையது, பிற்பகுதியைத் தாம் எழுதவில்லை என்றார். இங்கெந்தியுஸ் என்பவன் அதைச் சேர்த்தெழுதினான் என்பது வெளிப்பட்டது. நகரசபை உறுப்பினன் என்ற தகுதியால் அவன் சித்திரவதைக்குத் தப்பினான். பேலிக்ஸ் குற்றமற்றவர் என்று 315 வாக்கில் தீர்ப்பாயிற்று.

எண்ணிப்பாருங்கள்: ஒரு பெரும் திருச்சபை இரண்டாகப் பிளந்ததற்கு ஆதாரமாய்க் காட்டப்பட்ட குற்றச்சாட்டு, ஒட்டுவேலை செய்த ஒரு கடிதத்தைத் துணைக்கு அழைக்கவேண்டியிருந்தது. தூய்மைக்காகப் போராடுவோர் கையில் பொய் வந்து சேருவது அன்று மட்டும் நடந்த அதிசயமன்று. பேராயத் தேர்தல் நெருங்குகையில் நம் ஆயர்களின் தபாலில் வந்து விழும் மொட்டைக் கடிதங்களைக் கண்டவர்க்கு இங்கெந்தியுஸ் அந்நியனல்லன்.

ஆர்ல்ஸ் சங்கம் இவ்விஷயத்தில் காட்டிய நிதானம் பாராட்டத்தக்கது. வேதத்தையோ திருப்பாத்திரங்களையோ சகோதரரின் பெயர்களையோ கொடுத்தவர் என்று பொதுப் பத்திரங்களால் மெய்ப்பிக்கப்பட்ட குருவானவர் பதவியிலிருந்து நீக்கப்படவேண்டும். வெறும் வாய்ச்சொல் போதாது. ஆனால் அத்தகையவர் அபிஷேகஞ்செய்தவர் தகுதியுள்ளவராயின் அவர் அபிஷேகம் நிற்கும். பொய்க்குற்றம் சாட்டுவோரைச் சபைநீக்கம் செய்யவும் அச்சங்கம் விதித்தது. சகோதரரின் பெயர்களைக் கொடுத்தல் என்பதும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளதைக் காண்க. கத்துல்லீனுஸ் கிழித்த கோடு சபை விதியில் ஏறிவிட்டது.

இனி 320ஆம் ஆண்டுக்கு வருவோம். சிர்த்தாவில் சில்வானுஸ் இப்போது டோனாத்துஸின் கட்சி அத்தியட்சர். காட்டிக்கொடுத்தோரின் சபையைச் சாடும் கட்சியின் தூண்களில் ஒருவர். தம் உதவிக்காரரான நுந்தினாரியுஸ் என்பவரோடு அவர் பிணங்கி அவரைச் சபைநீக்கம் செய்தார். நுந்தினாரியுஸ் சக ஆயர்களிடம் முறையிட்டார். அவர்கள் சில்வானுஸுக்கு எழுதிய கடிதங்கள் எஞ்சியுள்ளன. சமாதானமாகிவிடும், இவனுக்கு எல்லாம் தெரியும், விஷயம் வெளியே வந்தால் நம் அனைவர்க்கும் இழுக்கு என்பதே அவற்றின் உட்கருத்து. சில்வானுஸ் இணங்கவில்லை. நுந்தினாரியுஸ் ஆளுநர் ஸெனோபிலுஸிடம் போனார். அங்கேதான் 303ஆம் ஆண்டின் நகராட்சிக் குறிப்பேடு வரி வரியாக வாசிக்கப்பட்டது.

சாட்சிகள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டனர். தமக்கு ஒன்றும் தெரியாது என்று தொடங்கிய இலக்கண ஆசிரியர் விக்டர், ஏடு வாசிக்கப்பட்டபின் நிலை மாறவேண்டியதாயிற்று. சில்வானுஸ் அத்தியட்சரானபோது சபையார் இவர் காட்டிக்கொடுத்தவர் என்று கூவி எதிர்த்தும், அவர் ஆட்களின் தோள்மீது தூக்கிச் செல்லப்பட்டு ஆசனத்தில் அமர்த்தப்பட்டார் என்று சாட்சி சொன்னார்கள். வண்ணான் தொழில் செய்த மற்றொரு விக்டர் இருபது 'போல்லிஸ்' பணப்பை கொடுத்து மூப்பர் பட்டம் பெற்றது வெளிவந்தது. மயோரினுஸின் அபிஷேகத்தையொட்டி லூசில்லா நானூறு பணப்பை கொடுத்ததும், ஆயர்கள் அதைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டதும், ஏழைகளுக்கு ஒரு காசும் போய்ச்சேரவில்லை என்பதும் வெளிவந்தன. முன்னொரு காலத்தில் எண்பத்திரண்டு அங்கிகளை ஏழைகளுக்கென்று சேர்த்துவைத்திருந்த சபையின் கதை இப்படித் தேய்ந்தது.

செசிலியானை அபிஷேகஞ்செய்தவர் குற்றமற்றவர். அவரைக் குற்றஞ்சாட்டிய கட்சியின் அத்தியட்சர் குற்றவாளி. பத்திரங்கள் காட்டும் முடிவு இதுவே. சில்வானுஸ் நாடுகடத்தப்பட்டார். 321இல் பேரரசன் நெருக்கடியைத் தளர்த்தியபோது நாடுகடத்தப்பட்டோர் திரும்பினர். கட்சி அழியவில்லை, நாளுக்கு நாள் வளர்ந்தது. மெய்ப்பத்திரம் மக்கள் மனத்தை மாற்றிவிடும் என்று எண்ணும் சரித்திர ஆசிரியர்களுக்கு இது கசப்பான செய்தி.

யூதாஸ் கொடுத்த ஞானஸ்நானம்

எண்பது ஆண்டுகள் கழித்து அதே சிர்த்தாவின், அப்போது கான்ஸ்டன்டீனா எனப்பட்ட நகரின், டோனாத்திய அத்தியட்சர் பெத்திலியான் தம் கட்சிக் கொள்கையைக் கூர்மையாக எடுத்துரைத்தார். கொடுப்பவனின் பரிசுத்த மனச்சாட்சியே பெறுகிறவனைச் சுத்திகரிக்கிறது. விசுவாசமற்றவனிடம் பெறுபவன் விசுவாசத்தையல்ல, குற்றத்தையே பெறுகிறான் என்பது அவர் வாதம். சில்வானுஸ் அமர்ந்த ஆசனத்திலிருந்து இதை எழுதினார் என்பதை அகஸ்டீன் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

ஆயினும் அகஸ்டீனின் மெய்யான விடை பத்திரங்களில் இல்லை, யூதாஸில் இருக்கிறது. இயேசு தாமே ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அவருடைய சீஷர் கொடுத்தார்கள் என்று யோவான் கூறுகிறார் (4:2). அந்தச் சீஷரில் யூதாஸும் ஒருவன். அவன் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு யாராவது மறுபடியும் கொடுத்ததுண்டோ? இல்லை. ஏனெனில் யூதாஸ் தண்ணீர் வார்த்தாலும், ஞானஸ்நானம் கொடுத்தவர் கிறிஸ்துவே. யோவான் சுவிசேஷத்தின்மேல் அகஸ்டீன் நிகழ்த்திய பிரசங்கங்களில் இந்த வாதம் வருகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் ஒருவராவது எழுந்து, அப்படியானால் போதகர் எப்படி வாழ்ந்தாலும் பாதகமில்லையா என்று கேட்பதுண்டு. அகஸ்டீன் அவ்வாறு கூறவில்லை. யூதாஸின் ஊழியம் மற்றவர்களைக் கெடுக்கவில்லை. யூதாஸையோ அது காப்பாற்றவும் இல்லை. மந்தைக்குச் சொல்லும் ஆறுதலை மேய்ப்பன் தனக்குச் சலுகையாக எடுத்துக்கொள்ளும்போதுதான் இந்த உபதேசம் புளித்துப்போகிறது.

இதற்கு முன்பே டோனாத்தியரிடையிலிருந்து ஒருவர் இதைக் கண்டுகொண்டார். திக்கோனியுஸ் என்னும் இறைமகன்; குருப்பட்டம் பெற்றவரல்லர். வேதத்தை விளக்குவதற்கான விதிகளை ஒரு நூலாக 382 வாக்கில் எழுதினார். கர்த்தருடைய சரீரம் இரு பகுதியானது, நல்லோரும் தீயோரும் அறுவடை மட்டும் அதில் கலந்திருப்பர் என்பது அவ்விதிகளில் ஒன்று. அவர் கட்சியார் அவரைக் கண்டித்து விலக்கினர். அவரோ மறுபக்கத்துக்கும் போகவில்லை. கோதுமையும் களையும் பற்றிய உவமையை (மத்தேயு 13) அகஸ்டீன் பிரயோகித்த விதத்தில் திக்கோனியுஸின் தடம் தெளிவாயிருக்கிறது. கட்சிகள் இரண்டும் கைவிட்ட மனிதரிடமிருந்து திருச்சபை முழுவதும் கற்றது.

டோனாத்தியர் தங்கள் கொள்கையைத் தாங்களே காத்துக்கொள்ளவும் இயலவில்லை. அவர்களுக்குள் மாக்சிமியான் என்பவர் பிரிந்துபோக, 394இல் பகாயி ஊரில் முந்நூற்றுப்பத்து ஆயர் கூடி அவர் கட்சியைக் கடுஞ்சொற்களால் சபித்தனர். ஆனால் பின்னர் அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது, வெளியே கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தை மறுபடி கொடாமலே சேர்த்துக்கொண்டனர்.

வென்றவர்கள்

இதுவரை வந்தவுடன் அகஸ்டீனை வாழ்த்தி முடித்துவிடுவது பாடநூல்களின் வழக்கம். சரித்திரம் அங்கே முடியவில்லை.

தொடக்கத்தில் அகஸ்டீன் வற்புறுத்தலை விரும்பவில்லை. வாதத்தாலும் வசனத்தாலுமே இணைக்கவேண்டும் என்றிருந்தார். டோனாத்தியரோடு சேர்ந்திருந்த தடியேந்திய கூட்டங்கள் ஆலயங்களைத் தாக்கியதும், ஆயர்களை அடித்ததும் மெய்யே. 403இல் அவர் நண்பரான காலமா அத்தியட்சர் பொசிதியுஸ் வழிமறித்துத் தாக்கப்பட்டார். ஆனால் அவர் மனம் மாறியதற்கு வன்முறை மட்டும் காரணமன்று. 408 வாக்கில் விந்சென்தியுஸ் என்பவருக்கு எழுதிய நிருபத்தில், தம் சொந்த ஊரே அரசாங்கச் சட்டங்களுக்கு அஞ்சி ஒற்றுமைக்கு வந்ததைக் கண்டபின் தம் எண்ணம் மாறிற்று என்று அவரே கூறுகிறார். பெரிய விருந்தின் உவமையில் உள்ளே வரும்படி வருந்திக் கட்டாயப்படுத்தச் சொன்ன வாசகம் (லூக்கா 14:23) அரச ஆணைக்கு ஆதாரமாயிற்று. அவ்வசனத்துக்கு அவர் தந்த இந்தப் பொருள், அவருக்குப்பின் ஆயிரம் ஆண்டுகள் யார் யார் கையில் என்னவாயிற்று என்பதை நாம் அறிவோம். அகஸ்டீனின் சீஷர்கள் என்று நம்மை எண்ணிக்கொள்ளும் புரொட்டஸ்தாந்தராகிய நாம் இந்தப் பக்கத்தை மூடிவைக்க உரிமையற்றவர்கள்.

411ஆம் ஆண்டு ஜூன் மாதம் கார்த்தேஜில் பேரரசன் ஹொனோரியுஸின் ஆணைப்படி பெரும் மாநாடு கூடிற்று. ஒருபுறம் 286 ஆயர், மறுபுறம் 284 ஆயர். அரச அலுவலர் மர்செல்லீனுஸ் நடுவர். துன்மார்க்கரோடு உட்காரேன் என்ற சங்கீத வாக்கின்படி (26:5) டோனாத்தியர் அமர மறுத்து நின்றனர். சிர்த்தாக் கூட்டம், மென்சூரியுஸின் கடிதம், பேலிக்ஸின் விடுதலை என்று நூறாண்டுப் பத்திரங்கள் மீண்டும் புரட்டப்பட்டன. தீர்ப்பு எதிர்பார்த்தபடியே அமைந்தது. 412 ஜனவரியில் வெளியான சட்டம் டோனாத்தியருக்குத் தகுதிக்கேற்ப அபராதம் விதித்தது, பண்ணையாட்களை அடிக்கடி அடித்துத் திருத்தும்படி கூறிற்று, குருமாரை நாடுகடத்தியது, ஆலயங்களைப் பறித்தது. நடுவராயிருந்த மர்செல்லீனுஸ் மறுவருடமே வேறொரு கலகத்தில் சம்பந்தப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அகஸ்டீன் அவருக்காக மன்றாடியும் பயனில்லை. அரசின் வாள் யார் கழுத்தையும் பார்ப்பதில்லை.

303இல் அதிகாரி வாயிலில் வந்து, வாசகர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றபோது, துணை உதவிக்காரர் இருவர் மறுத்தனர். 412க்குப் பின் அதிகாரி வந்தபோது பெயரைச் சொல்லியவர்கள் ஆயர்களே. வேதத்தை ஒப்புக்கொடுத்தோர் என்று பட்டம் பெற்றவரின் வாரிசுகள் வழக்கில் வென்றார்கள். வென்ற கையோடு சகோதரனை ஒப்புக்கொடுத்தார்கள். அவர்கள்மீது நூறாண்டாய்ச் சாட்டப்பட்ட குற்றம் பொய்யென்று நிரூபணமான அந்த ஆண்டிலேயே அச்சொல் அவர்களுக்குப் பொருந்தலாயிற்று என்பது என் கருத்து. இதை ஒப்பாத சரித்திர ஆசிரியர் உண்டு. தடியேந்திய கூட்டங்களின் கொடுமையை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அக்கொடுமை உண்மை. ஆனால் அபராதமும் அடியும் அந்தத் தடியர்களுக்கு மட்டும் விதிக்கப்படவில்லை. பாட்டனார் காலந்தொட்டு அதே ஆலயத்தில் ஜெபித்துவந்த குடியானவனுக்கும் விதிக்கப்பட்டன.

418ஆம் ஆண்டு செப்டம்பரில் அகஸ்டீன் மௌரித்தானியா நாட்டுச் செசரியா நகருக்குச் சென்றார். 411 மாநாட்டில் டோனாத்தியர் தரப்பில் வாதாடியவர்களுள் ஒருவரான எமெரித்துஸ் அந்நகரின் பழைய அத்தியட்சர். ஆசனத்தையும் ஆலயத்தையும் இழந்திருந்த அவரைத் தெருவில் கண்டு அகஸ்டீன் ஆலயத்துக்கு அழைத்தார், அவரும் வந்தார். ஆயர்களும் ஊர்ச் சபையாரும் கூடியிருந்தனர். எழுத்தர்கள் ஏட்டோடு அமர்ந்தனர். மாநாட்டில் தோற்றதை ஒப்புக்கொள்கிறீரா, இல்லையேல் உம் நியாயத்தை இங்கே சொல்லும் என்று அகஸ்டீன் கேட்டார். எமெரித்துஸ் எழுத்தரைப் பார்த்து, எழுது என்று மாத்திரம் சொன்னார். அதன்பின் அகஸ்டீன் நெடுநேரம் பேசினார், மக்சிமியான் கட்சியாரின் வரலாற்றை விவரித்தார், பத்திரங்களை வாசிக்கச் செய்தார், சபையார் கேட்டுக்கொண்டிருந்தனர். எமெரித்துஸ் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் எழுத்தர் குறித்துவைத்தனர்.